செவலைக்குப் பொங்கல் கொண்டுபோனவர்

காரவலசில் பஞ்சம் வந்த வருஷம், அம்மை வந்த வருஷம், வெட்டுக்கிளி வந்த வருஷம் என்று பேசிக்கொள்வதைப் போலவே, புத்தி வந்த வருஷம் என்றும் ஒன்றைப் பேசிக்கொள்வோம். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தானாக ஒரு படி இறங்கிவிடும், ஏனென்றால் மற்ற மூன்றும் கேட்காமல் வந்து சொல்லாமல் போனவை, இது மட்டும் நாங்கள் வெயிலில் வரிசை நின்று வாங்கிக்கொண்டது. வந்த இடம் கோயிலும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையில், தரகர் நாச்சிமுத்துவின் பச்சைக்கரைத் துண்டுக்கு அடியில் வந்தது.

மாட்டுச் சந்தையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கு விலை பேசுவது வாயால் இல்லை, விரலால். தரகர் தோள் துண்டை எடுத்துத் தன் கையின் மேல் போட்டுக்கொள்வார், விற்க வந்தவனோ வாங்க வந்தவனோ அதற்குள் கையை நீட்டுவான், உள்ளே விரல்கள் பிடித்தும் விட்டும் அழுத்தியும் விலையை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க, வெளியே வாய்கள் மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும், ஒட்டி நிற்கிறவனுக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. சந்தை வாசலில் கயிற்றுக்கடை வைத்திருக்கிற நான் பிழைப்பைப் பார்த்த நேரத்தைவிட இதை வேடிக்கை பார்த்த நேரம்தான் அதிகம். நாச்சிமுத்துவைப் போலக் கைராசிக்காரரை நான் பார்த்ததில்லை. தடித்த, எப்போதும் சூடாக இருக்கிற கை. அந்தக் கை பொய் பேசாது என்பார்கள். வாயைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை.

ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பக்கத்து ஊர்க் கருப்பணன் ஒரு மயிலை எருதைப் பிடித்துக்கொண்டு வந்து, வழக்கம்போலத் துண்டுக்குள் கையை நீட்டி, வழக்கம்போல மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், பாதியில் பேச்சை விட்டான். தோட்டத்தில் மோட்டாரை நிறுத்தாமல் வந்தது நினைவுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

"என்ன கருப்பணா, வெல கம்மியாத் தெரியுதா?" என்றார் நாச்சிமுத்து.

"வெலைக்கென்னுங்க. இந்த எருத நான் விக்க வந்ததே என்ற தம்பி மேல இருக்கற கோவத்துலீங்க. அவன் ஆசையா வளத்துனது. இத்தனை நாளா எனக்கே தெரியாம இருந்துருக்குது பாருங்க," என்று சொல்லிவிட்டு எருதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அவனுக்கு அடுத்து வந்தவன் பசு வாங்க வந்தவன். கையை நீட்டினான், எடுத்தான், தனக்கு மாடு வேண்டியதில்லை என்றும், வேலை வெட்டி இல்லாமல் இருப்பது வீட்டாருக்குத் தெரியாமலிருக்கத்தான் மாடு தேடி அலைகிறேன் என்றும் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அதற்கு அடுத்தவன் அழுதான். சாயங்காலத்துக்குள் சந்தைக்கே விஷயம் விளங்கிவிட்டது. நாச்சிமுத்துவின் விரலைப் பிடித்தால் விலை தெரிவதற்குப் பதிலாக அவனவனைப் பற்றி அவனவன் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிகிறது. நாளைக்கு நடக்கப்போவதும் இல்லை, அடுத்தவன் ரகசியமும் இல்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்கிறோமே, அந்த முதுகு தெரிந்தது. அசரீரி கேட்கவில்லை, வெளிச்சம் அடிக்கவில்லை. விலை எப்படித் தெரியுமோ அப்படியே தெரிந்தது.

ஊர் ஆச்சரியப்பட்டதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சந்தைக்கு வருகிறவனுக்கு ஆச்சரியப்பட ஏது நேரம், வெயில் ஏறுவதற்குள் மாட்டைக் கைமாற்ற வேண்டாமா? சந்தைக் கமிட்டி கூடி, உச்சிவேளை வரைக்கும் மாட்டு வியாபாரம், அதற்கு மேல் மனுஷர்கள் என்று முடிவு செய்தது. நாச்சிமுத்து உட்கார ஒரு தென்னோலைப் பந்தல் போட்டோம். பெண்கள் சந்தைக்குள் வருவது வழக்கமில்லை, அதனால் வடபுறத்து வேலியை வெட்டி அவர்களுக்குத் தனி வழி விட்டோம். வரிசையில் நிற்கிறவர்களுக்கு டீக்கடை வேலுச்சாமி டீ கொண்டுவந்தான். நாச்சிமுத்துவுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை, அகப்பைக்குக் குழம்பின் ருசி தெரியாத கதைதான். "எனக்கு வெரலு வலிக்கறதுதானப்பா தெரியுது," என்பார்.

நானும் பிடித்தேன். எனக்குத் தெரிந்தது என்னவென்று கேட்காதீர்கள், கயிறு விற்கிறவனுக்கும் மானம் இருக்கிறது.

அதன் பிறகு ஊர் திருந்தியதைச் சொல்ல வேண்டும். குடிக்கிறவன் எதற்காகக் குடிக்கிறான் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டதால் சாராயக்கடைக்காரன் ஈ ஓட்டிப் பார்த்துவிட்டு வேறு ஊருக்குப் போனான். சேவல்கட்டு நின்றது. வாய்க்கால் வரப்புக்காக வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், தங்களுக்கு வரப்பும் வேண்டாம் தீர்ப்பும் வேண்டாம், வாய்தா நாளில் ஒரே பஸ்ஸில் போய்வருவதற்குத்தான் வழக்கு என்று தெரிந்துகொண்டு, வழக்கை ராஜி செய்தார்கள். வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் இதை ஆராய்ச்சி செய்ய வந்து, ஆராய்ச்சிக்காகவே கையை நீட்டி, நீட்டிய கையோடு ஊருக்குத் திரும்பிப் போனார். ஆராய்ச்சியை அவர் எழுதியதாகத் தெரியவில்லை. நாங்கள் பெருமைப்பட்டோம். புத்தியுள்ள ஊர் என்று பெயர் வந்தது, எங்கள் ஊரில் பெண் எடுக்க வந்தவர்கள் செருப்பை ஊர் எல்லையிலேயே கழற்றினார்கள்.

சிரிப்பு என்றைக்குப் போனது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. வேலுச்சாமிதான் முதலில் சொன்னான். தன் டீ வாயில் வைக்க விளங்காது என்பதும், ஊர்க்காரர்கள் டீக்காக வரவில்லை, பெஞ்சுக்காக வருகிறார்கள் என்பதும் துண்டுக்கடியில் தெரிந்துவிட, அவன் வெட்கப்பட்டு நல்ல தூளும் தண்ணீர் படாத பாலுமாக டீ போட ஆரம்பித்தான். வந்தவர்கள் டீயைக் குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், எழுந்து போனார்கள். பெஞ்சில் எறும்பு ஊர்ந்தது. ராஜியான அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்தால் ஒதுங்கி நடந்தார்கள், பேசுவதற்கு அவர்களுக்கு இடையில் வரப்புகூட மிச்சமில்லை. கல்யாணம் நிச்சயம் செய்வதற்கு முன்னால் பையனும் பெண்ணும் வந்து விரலைப் பிடித்துப் பார்த்ததில் கல்யாண மண்டபத்தில் மஞ்சள் மூட்டை அடுக்கினார்கள். கோயிலில் வேண்டுதல் வைக்க ஆள் வரவில்லை, தனக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட்டவன் அம்மனிடம் என்னத்தைக் கேட்பான்? இழவு வீட்டில் ஒப்பாரி வைக்க வந்தவர்கள் செத்தவனைப் புகழ வாய் வராமல் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கிவைத்து, நீ கலெக்டர் ஆவே கண்ணு என்று சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

பிறகு கல்யாணமான பெண்களும் வர ஆரம்பித்தார்கள். அதைச் சொல்வதற்கு முன்னால் பஞ்சத்தைச் சொல்ல வேண்டும். ஏழெட்டு வருஷம் முன்னால் மழை தப்பி, கிணறு வற்றி, பனையோலையை நறுக்கி மாட்டுக்குப் போட்டு அதுவும் தீர்ந்து, கடைசியில் கேரளத்து லாரிகள் வந்து சந்தை மேட்டில் நின்றன. அந்த லாரியில் ஏறுகிற மாடு எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் ஆண்கள் எல்லோரும், கூடிப் பேசி வைத்துக்கொள்ளாமலே, வீட்டுக்குப் போய் ஒரே பொய்யைச் சொன்னோம்: கோபிப் பக்கம் வாய்க்கால் கரையில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது, முழங்கால் மட்டும் புல், நல்ல மனுஷர்கள், அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எல்லா வீட்டு மாடும் அந்த ஒரே தோப்பில் மேய்ந்தன. பெண்களும் நம்பினார்கள், அல்லது நம்பினதாக வைத்துக்கொண்டார்கள், அதற்குள் நாம் போக வேண்டாம். துண்டுக்கடியில் கை நீட்டியபோது, தான் அதை நம்பவில்லை என்பது தெரிந்து, அந்தத் தோப்பு ஒவ்வொருத்தியிடமிருந்தும் போனது. சண்டை ஒன்றும் நடக்கவில்லை, எல்லோருக்கும்தான் புத்தி வந்துவிட்டதே. சோறு போட்டார்கள், குழம்பு ஊற்றினார்கள்; இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஒருத்தி மட்டும் அந்த வரிசைக்கு வரவில்லை. அவள் நாச்சிமுத்துவின் மனைவி பூவாத்தாள்.

பூவாத்தாளும் தரகர் வீட்டுப் பெண்தான், சந்தை நெளிவு சுளிவு தெரிந்தவள். குள்ளமான உருவம், பெரிய சிரிப்பு. எதையாவது வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தால் முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், அதனால் அவள் சொன்ன எந்த வேடிக்கைக்கும் முடிவு என்னவென்று இன்றுவரை ஊரில் யாருக்கும் தெரியாது, ஆனாலும் நாங்கள் சிரித்துவிட்டு வந்திருக்கிறோம். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து அவளோடு ஒரு செவலைப் பசு வந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் எல்லாம். பஞ்சத்தில் அதுவும் லாரி ஏறியது. நாச்சிமுத்துவும் வீட்டுக்கு வந்து அதே தோப்பைச் சொன்னார்.

மற்ற பெண்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். பூவாத்தாள் அப்படி இருக்கவில்லை. அந்தத் தையில், மாடுகளுக்கான பட்டிப் பொங்கலன்று, கட்டுத்தரையில் நின்ற எருமைக்கும் கன்றுக்கும் பொங்கல் ஊட்டின கையோடு, இன்னொரு உருண்டை பிடித்து வாழையிலையில் கட்டி, என் கடையில் வாங்கின புதுக் கழுத்துக்கயிற்றையும் மேலே வைத்து, "கோபிக்குப் போயி நம்ம செவலைக்குக் குடுத்துட்டு வாங்க," என்று அவர் கையில் கொடுத்தாள். அவர் என்ன செய்வார்? வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். வாய்க்கால் பாலத்தில் இறங்கி, பொங்கலை மீனுக்குப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினார். கயிற்றை என் கடையில் கொண்டுவந்து, "மாட்டி வையப்பா," என்றார். சாயங்காலம் வீட்டில் போய், செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று, நெற்றியில் சுட்டி என்று சொன்னார். தரகர் அல்லவா, மாட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னால் கேட்கவா வேண்டும். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அடுத்த தையில் அதே கயிற்றை என்னிடம் வாங்கிக்கொண்டு போனாள். ஒருமுறை கயிற்றைத் திருப்பிப் பார்த்து, "போன வருசத்துக் கயிறாட்டவே இருக்குதுங்களே," என்றாள். ஒரே ஆள் திரிப்பதம்மா என்றேன். அதற்கும் சிரித்தாள்.

இப்படி வருஷங்கள் போய், செவலைக்கு வாய்க்கால் கரையில் பேரன் பேத்தியும் பிறந்த பிறகுதான் புத்தி வந்த வருஷம் வந்தது. ஊர் முழுக்கத் தெளிந்து, ஊர் முழுக்க வாய் மூடிக் கிடந்தபோது, பூவாத்தாள் வீட்டிலிருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் வந்தது. அந்த வீட்டுப் பக்கம் யாருக்காவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது. தீப்பெட்டி கேட்டுப் போனார்கள், மோருக்கு உறை கேட்டுப் போனார்கள், ராஜியான அண்ணன் போன நேரத்தில் தம்பியும் போனான். போய்ச் செவலை எப்படி இருக்கிறது என்று கேட்டால் போதும், அவள் ஆரம்பித்துவிடுவாள். அந்த வருஷத்துப் பட்டிப் பொங்கலுக்கு அவள் இலையைக் கட்டிக் கொடுப்பதைப் பார்க்க வேலியோரம் பாதி ஊர் வந்து நின்றது. நெருப்பு இல்லாத வீட்டுக்காரர்கள் அடுப்பு எரிகிற வீட்டுக்கு வந்து நிற்பதைப் போல நின்றோம்.

அவளை அந்தத் துண்டுப் பக்கம் விடக் கூடாது என்று யாரும் கமிட்டி கூட்டவில்லை, ஆனாலும் அது ஊர்த் தீர்மானம் ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் எங்கள் ஊர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. செவ்வாய்க்கிழமைகளில் யாராவது ஒருத்தி அவளிடம் பேச்சுக் கொடுத்து வீட்டிலேயே நிறுத்தி வைப்பாள். புத்தி வந்த பெண்கள்தான் அதில் முன்னால் நின்றார்கள். தங்களுக்குப் போனது அவளுக்காவது இருக்கட்டும் என்ற நல்ல மனசு அது. அவளுக்குத் தெரியாது, தெரியாததால்தான் சிரிக்கிறாள், தெரிந்தால் செத்துப்போவாள் என்று நாங்கள் நம்பினோம். அத்தனை புத்தி வந்த ஊரில் ஒருத்தருக்கும் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

அதற்கடுத்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, தூறல் விட்ட மத்தியானத்தில், பூவாத்தாள் சந்தைக்கு வந்தாள். வடபுறத்து வழியாக வரவில்லை, என் கடையைத் தாண்டி வாசல் வழியாகவே வந்து, வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் அவளைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக விலகிப் போனார்கள், ஆனால் அவர்கள் விலக விலக அவள் பந்தலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"நீ எங்க புள்ள இங்க?" என்றார் நாச்சிமுத்து.

"எனக்கும் ஒருக்கா கையக் குடுங்க."

"உனக்கென்ன கேடு? ஊட்டுக்குப் போ. மழ வருது."

"எல்லாருக்கும் குடுக்கறீங்களாமா. நான் என்ன பாவம் பண்ணுனனுங்க?" என்று சொல்லிவிட்டு, பாதியிலேயே சிரித்தாள்.

நீட்டிய கையை வேண்டாம் என்று சொல்லத் தரகருக்கு உரிமை கிடையாது, விரோதியே நீட்டினாலும் பிடித்துத்தான் ஆக வேண்டும். அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். நாங்கள் மாட்டைப் பார்த்தோம், மேகத்தைப் பார்த்தோம். துண்டைப் போட்டார். அவள் வளையல் சத்தத்தோடு கையை உள்ளே விட்டாள். அவர் கை எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறது, தனக்கென்று ஒன்றும் வாங்கியதில்லை. அன்றைக்கு முதல்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து தன்னை நோக்கி ஏதோ வருவதைப் போல இருந்தது என்று நாச்சிமுத்து பின்னால் எங்களிடம் சொன்னார். அது என்னவென்று தெரிவதற்குள், அவளுக்குத் தெரிந்து அவள் அழப்போகிறாள், அதுதான் வருகிறது என்று நினைத்துவிட்டார். சடக்கென்று கையை உருவிக்கொண்டார்.

சந்தையில் கையை உருவுவது சின்ன விஷயம் இல்லை. விலை படியவில்லை என்றால் விரலை மெதுவாகத் தளர்த்திச் சொல்வார்கள், அது மரியாதை. உருவினால் உன்னோடு எனக்குப் பேச்சே இல்லை என்று அர்த்தம், உருவியவனும் உருவப்பட்டவனும் அந்த மாட்டைப் பற்றி மறுபடி பேச மாட்டார்கள். இது ஆறு வயசுப் பிள்ளைக்கும் தெரியும், தரகர் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா? பூவாத்தாள் துண்டுக்கு அடியில் தனியாகக் கிடந்த தன் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டு, "செரி, மழ வருதுங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள். தப்பித்தோம் என்றுதான் நாங்கள் எல்லோரும் பெருமூச்சு விட்டோம்.

அவள் போன பிறகு கை நீட்டியவனுக்கு வெறும் விரல்தான் கிடைத்தது. அடுத்தவனுக்கும் அப்படியே. அடுத்த செவ்வாய் ஒரு கிழட்டு எருமைக்கு விலை பேசினபோது விலை மட்டும் தெரிந்தது. வந்தபோது ஆச்சரியப்படாத ஊர் போனபோதும் ஆச்சரியப்படவில்லை, பந்தலைப் பிரித்து ஓலையை அடுப்புக்கு எடுத்துக்கொண்டோம். கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் பழையபடி ஆனோம். அண்ணனும் தம்பியும் சாக்கடைத் தண்ணீரை வைத்து ஒரு புது வழக்குப் போட்டு ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். வேலுச்சாமி பாலில் தண்ணீர் ஊற்றினான், பெஞ்சில் இடமில்லை. மஞ்சள் மூட்டைகள் மண்டபத்தை விட்டு வெளியேறின. யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக் கலெக்டர் என்றார்கள். மடத்தனம் திரும்பி வந்த அழகை இன்னொரு நாள் உட்கார்ந்து சொல்லலாம், அவ்வளவு சந்தோஷமான மாதங்கள் அவை.

பூவாத்தாள் வீடு மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவள் அழவில்லை, கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகவில்லை. வேடிக்கை ஏதாவது சொன்னால் முழுதாகச் சொல்லி முடித்தாள். முடிவைக் கேட்டபோது அது ஒன்றும் அவ்வளவு வேடிக்கையாக இல்லை. நாங்கள் அதை மழைக்காலத்து உடம்பு என்று நினைத்துக்கொண்டோம்.

தை பிறந்து பட்டிப் பொங்கல் வந்தது. பழக்க தோஷத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் போய் நின்றோம். அந்த வருஷம் அவள் கயிறு வாங்க வரவில்லை. மறந்துவிட்டாளோ என்று நானே அதை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் எருமையைக் கழுவி, கொம்புக்கு வர்ணம் பூசி, பொங்கல் ஊட்டி, பானையைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். நாச்சிமுத்து வெளுத்த வேட்டியும் கையில் மஞ்சள் பையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"புள்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எங்கீங்க போறீங்க?"

"கோபிக்குத்தான். செவலைக்குப் பொங்கல் கட்டலையா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "செவலதான் லாரி ஏறுன அன்னைக்கே போயிருச்சுங்களே."

யார் சொன்னது என்று நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை.

"ஆரு சொன்னா உனக்கு?" என்றார் அவர்.

"ஆரு சொல்லோணுங்க? நான் சந்தைக்கு வடக்கால காட்டுல சோளத்தட்டுப் பொறுக்கிக்கிட்டு நின்னேன். ஏத்தறப்ப அது என்னையத்தான கூப்புட்டுது."

நாச்சிமுத்து பையைக் கை மாற்றினார். "தெரிஞ்சுக்கிட்டா இத்தனை வருசம் கட்டிக் குடுத்த?"

"மொத வருசம் கோவத்துல கட்டிக் குடுத்தனுங்க. தூக்கிக்கிட்டு அலையட்டும்னு. சாயந்தரம் வந்து கன்னு பொறந்துருக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, வேர்த்து ஊத்துச்சு உங்களுக்கு. நான் அழுதுருவனோன்னு அத்தனை பயம். அட, இந்த மனுசனுக்கு நம்ம மேல இத்தனை இருக்குதான்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. அப்பறம் அந்தச் சிரிப்புக்காவத்தான் வருசா வருசம் கட்டிக் குடுத்தது."

"சந்தைக்கு எதுக்கு வந்த அப்பறம்?"

"எனக்குத் தெரிஞ்சுக்க ஒண்ணுமில்லைன்னுதான் வந்தேன். எனக்குத் தெரியுங்கறது உங்களுக்குத் தெரியட்டும்னு. வயசான காலத்துல அத்தனை தூரம் போயி ஒக்காந்துட்டு வர்றீங்க, எறக்கி வெச்சுப்போடுங்க, போதும்னு. வாயில சொன்னா வெக்கப்படுவீங்க. துண்டுக்குள்ளன்னா மத்தவங்களுக்குத் தெரியாதுல்லீங்க." கவிழ்த்த பானையை நகர்த்தி வைத்தாள். "ஆனா எனக்குத் தெரிஞ்சுக்க ஒண்ணு இருந்துருக்குதுங்க. நீங்க உருவறதுக்கு முந்தி அது தெரிஞ்சுபோச்சு. அந்தப் பயம் எனக்காவ இல்லீங்க. நான் அழுதா அந்த மூஞ்சிய நீங்க பாக்கோணுமே, அந்தப் பயம். அத்தனையும் உங்களுக்காவத்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. மாட்டுக்குப் பல் எத்தனை என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

இத்தனை வருஷம் சந்தையைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும், அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. முதல் விரலைப் பிடித்தவுடன் தெரிவது முழு விலை இல்லை. அதற்கு மேல் விரல்கள் இருக்கின்றன, பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஒவ்வொன்றாகத் தெரியும், பாதியில் உருவினவனைப் பற்றி எதிராளிக்கு முதல் விரலோடு கணக்கு முடிந்துவிடும். நாச்சிமுத்துவின் பயத்துக்குள் அவளுக்கானது எதுவும் இல்லை என்று நான் நம்பமாட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் கையை விட்டுவைத்திருந்தால் அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும், அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் உருவினார், நாங்கள் பெருமூச்சு விட்டோம். ஊரிலேயே தெரிந்தும் சிரிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள், அவளைத்தான் தெரியாதவள் என்று பொத்திப் பொத்திப் பாதுகாத்தோம். தெரிந்தும் சிரிக்க எப்படி முடிகிறது என்று அவளிடம் ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

நாச்சிமுத்து பையைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார், பிறகு அதில் ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். ஏழெட்டு வருஷமாக வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து அவர் சொல்லிப் பார்த்த வார்த்தையாகத்தான் இருக்கும், எங்கள் எல்லோருக்கும் முன்னால், சந்தையில் விலை கூறுகிற அதே குரலில் சொன்னார்.

"செவலைய நான்தான் லாரிக்கு வித்துப்போட்டேன் புள்ள."

"செரீங்க," என்றாள் பூவாத்தாள்.

இனிச் சிரித்துவிடுவாள் என்று அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம். அவள் வாளியை எடுத்துக்கொண்டு எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.